மலையடிவாரத்தில் ஒரு பாய்மரம்

பரங்கிப்பேட்டையில் பிறந்து கடற்காற்றிலேயே வளர்ந்த நம் வாப்பா அவர்கள், தம் எண்பதாம் அகவையில் கள்ளக்குறிச்சிக்கு வந்து நம்முடன் தங்கலானார்கள். நெல்லும் கரும்பும் கொழிக்கும் இவ்வூர் அவர்களுக்கு எக்குறையும் வைக்கவில்லை. ஆயினும் அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, "அங்கே இந்நேரம் வாடை எறங்கியிருக்கும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார்கள்.

அவர்களுடைய சிறு பாய்மரப் படகு வெள்ளாற்றங்கரையில், பிறர் மனையொன்றில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மனை கைமாறிற்று. "பத்து நாளில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் விறகுக்குப் போகும்" என்று செய்தி வந்தது. விறகு என்னும் சொல்லை நாம் வாப்பாவிடம் சொல்லவில்லை. எப்படியோ அறிந்துகொண்டார்கள். அன்றிரவு சோற்றில் கை வைக்கவில்லை.

நம்மிடமோ லாரி இல்லை. இடையிலுள்ள தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். வாடகை கேட்டோம், அத்தொகைக்குப் புதுப் படகே கட்டிவிடலாம் போலிருந்தது. மருமகன், தன் சிறு காரின் பின்னால் இழுவண்டி பூட்டி இழுத்து வரலாம் என்றான். வெளிநாடுகளில் அதுவே வழக்கமாம். விசாரித்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியும் ஒரு வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதற்கும் வரம்புண்டு. அதனினும் நுட்பமானது பாரத்தை வைக்கும் முறை. மொத்த எடையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு, காருடன் பூட்டும் முனையில் அழுந்த வேண்டுமாம். பாரம் அச்சுக்குப் பின்னே சரிந்தால், வேகத்தில் இழுவண்டி பாம்புபோல் நெளிந்து காரையே புரட்டிவிடும். கேட்டதும் மருமகன் வாயடைத்துப் போனான்.

வாப்பா மட்டும் சிரித்தார்கள். "சுல்தான் முஹம்மதுகிட்டே லாரியா இருந்துச்சு?" என்றார்கள். 1453ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கான்ஸ்டாண்டிநோபிள் துறைமுக வாயிலை இரும்புச் சங்கிலி மறித்தபோது, உதுமானிய சுல்தான் இரண்டாம் முஹம்மது ஏறத்தாழ 70 கப்பல்களைக் கொழுப்புத் தடவிய மரங்களின் மேல் ஏற்றி, மாடுகளும் மனிதர்களும் இழுக்க, கலாத்தாவின் பின்புறக் குன்றைக் கடத்தி மறுபுற நீரில் இறக்கிய வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் யார்? நமக்கோ ஒரே படகு. அதற்கு இத்தனை மலைப்பு!

வழி எதிர்பாராத இடத்தில் திறந்தது. நம்மூர் ஆலைகளிலிருந்து கடற்கரை ஊர்களுக்கு அரிசி ஏற்றிச் செல்லும் லாரிகள் பல வேளைகளில் வெறுமையாகவே திரும்புகின்றன. அறிந்த வணிகர் ஒருவர் மூலம் சொல்லி வைத்தோம். டீசல் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதுமென ஓட்டுநர் இசைந்தார். பாய்மரமும் பருமலும் தனியே கழற்றிக் கட்டப்பட்டன. வைக்கோல் மெத்தையின்மேல் படுத்தபடி விருத்தாசலம் வழியே படகு வந்து சேர்ந்தது.

வாசலில் கிடந்த படகை வாப்பா இரண்டு நாள் தடவிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள், "இதுக்குத் தண்ணி காட்டணுமே" என்றார்கள்.

நீர் இருந்தது, கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையில். கல்வராயன் மலையில் பிறக்கும் அவ்வாறு மணிமுத்தாற்றில் கலந்து, வெள்ளாற்றோடு சேர்ந்து, இறுதியில் பரங்கிப்பேட்டைக் கடலுக்கே போகிறது. வாப்பா வாழ்நாளெல்லாம் படகு விட்டது இம்மலையின் நீரிலுந்தான் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

அணைக்குரிய அலுவலகத்தில் ஒரு நாளைக்கு அனுமதி பெற்றோம். அது தை மாதம், கரும்பு அறுவடைக் காலம். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டயர் வண்டி ஒன்றைப் பேசினோம். வண்டிக்காரர் முதியவர். படகை ஏற்றியதும் மாடுகளைப் பூட்டவில்லை. நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், படகை ஒரு சாண் முன்னே தள்ளச் சொன்னார், மீண்டும் தூக்கினார், நான்கு விரற்கடை பின்னே இழுக்கச் சொன்னார். பொறுமையிழந்து காரணம் கேட்டோம்.

"பின்பாரமாப் போனா நுகத்தடி மேலே கெளம்பி, பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையை நெரிச்சிடும் பாய். முன்பாரம் மிஞ்சினா கழுத்து புண்ணாப் போயிடும். துளி முன்பாரம் இருக்கணும், அவ்வளவுதான்."

மருமகன் நம்மைப் பார்த்தான். வெளிநாட்டார் பத்திலொரு பங்கு என்று எழுதி வைத்திருக்கும் கணக்கை இவர் உள்ளங்கையில் வைத்திருக்கிறார்!

அதிகாலையில் புறப்பட்ட வண்டி, வெயில் ஏறுமுன் அணையை அடைந்தது. கரும்பு வண்டிகளில் வந்தவர்களெல்லாம், படகு மாட்டு வண்டியில் போகும் அதிசயத்தை நின்று பார்த்தனர். நாமும் மருமகனும் வாப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றிச் சுக்கானருகே அமர்த்தினோம். கை நடுங்கிற்று, சுக்கானைப் பற்றியதும் நடுக்கம் நின்றது. முகத்தைத் திருப்பிக் கன்னத்தால் காற்றைப் பார்த்தார்கள். "வாடைதான். பாயை எடு" என்றார்கள். மருமகனோடு படகு மலைப்பக்கம் நோக்கி நழுவியது.

கரையில் நம்மருகே நின்ற வண்டிக்காரருக்குக் கவலை வந்துவிட்டது. "காத்து அந்தப் பக்கமில்ல தள்ளுது? பெரிய பாய் எப்படித் திரும்பி வருவாரு?" என்று கேட்டார்.

"குறுக்கும் நெடுக்குமாய் ஓட்டி, வளைந்து வளைந்து வருவார்கள். நேரமாகும்" என்றோம்.

"அப்படின்னா சரி" என்று மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட இறங்கினார்.