பத்திரம் பத்திரமாக இருக்கிறது!

முதலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் சொல்லப்போவது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் அல்ல. பொதிகையிலிருந்து குதித்து வரும் தாமிரபரணி 'அப்பாடா' என்று தரையைத் தொடுகிற திருநெல்வேலிப் பாபநாசம். இங்கே முழுக்குப் போட்டால் பாபம் நாசமாகும் என்பது ஐதீகம். எனக்கு ஆற்றில் கால் நனைக்காமலேயே பணம் நாசமாக இருந்தது.

போன ஆனி மாதம் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆறு லட்சம் சேர்த்துவிட்ட உத்தமன். காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, பேங்க்ல போட்டா ஏழு பர்சென்ட் தேறுறதே பாடா இருக்கு. இதுல பதினாலு! கடன் வாங்கறவன் வீட்டை ஈடா வைக்கறான். நடுவுல பேங்க் கிடையாது. மனுஷனுக்கு மனுஷன் நேரடியா கடன் கொடுக்கறோம். புது சிஸ்டம்."

புது சிஸ்டமாம்! எங்கள் ஊர் அண்ணாச்சிகள் கம்ப்யூட்டர் இல்லாமல், வேட்டி மடிப்பில் வைத்தே தலைமுறை தலைமுறையாக நடத்திய சிஸ்டம் ஸார் இது. அதில் நானும் ஒரு மெம்பர். ஏழு வருஷ சர்வீஸ்.

அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே ஓட்ட ஆரம்பித்த மில். அந்தப் பஞ்சுத் தூசியில் முப்பத்தைந்து வருஷம் இருமிவிட்டு 2005 கடைசியில் ஓய்வு பெற்றார். கைக்கு வந்ததில் கடன்களையெல்லாம் அடைத்தது போக மிச்சம் மூன்று லட்சம். "போஸ்ட் ஆபீஸ்ல போட்டுருல" என்றார். மாத வருமானத் திட்டத்தில் அப்போது எட்டு சதவீதம். மாசம் இரண்டாயிரம் வரும்.

எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் குமாஸ்தா. உலகத்திலேயே புத்திசாலி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு தரகர் அண்ணாச்சி வந்தார்.

"தம்பி, பாபநாசத்துல சொந்த வீடு. சுளையா பத்து லட்சம் பெறும். மூணு லட்சம் கொடுத்துட்டுப் பத்திரத்தைக் கையில வாங்கி வச்சுக்கிடுங்க. நூத்துக்கு மாசம் ஒண்ணரை வட்டி. ஆளு ஓடினாலும் வீடு ஓடாதுல்லா?"

ஒண்ணரை வட்டி என்றால் மாசம் 4,500. போஸ்ட் ஆபீஸ் 2,000. எந்தக் குமாஸ்தாவுக்கும் இந்தக் கழித்தல் கணக்கு வரும். எனக்கும் வந்தது.

அப்பா கடைசியாக ஒரு யோசனை சொன்னார். "அப்படின்னா ஒத்திக்காவது வாங்கு. வீடு நம்ம கையில இருக்கும். வாடகையும் இல்ல, வட்டியும் இல்ல. நானும் உங்கம்மையும் அங்கயே இருந்துக்கிடுவோம்." நல்ல யோசனை. எனக்குத்தான் 4,500 கண்ணை மறைத்தது. "நீங்க சும்மா இருங்கப்பா" என்றேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

2006 ஜனவரியில் பணம் கைமாறியது. அடமானத்தைப் பதிவு செய்ய முத்திரைத்தாள், கட்டணம் என்று சில ஆயிரம் ஆகும் என்றார்கள். "எதுக்குத் தம்பி வீண் செலவு? ஒரிஜினல் பத்திரமே உம்ம கையில இருக்கு. பேருக்கு ஒரு புரோநோட்டு எழுதிக்கிடுவோம்" என்றார் தரகர். ரெவின்யூ ஸ்டாம்ப்பில் கடன்காரர் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தைக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி இடுப்பில்.

பதினைந்து மாசம் வட்டி மணி அடித்த மாதிரி வந்தது. பதினாறாவது மாசம் மணி அடிக்கவில்லை.

தரகர் சொன்னது பொய்யில்லை. ஆளும் ஓடவில்லை, வீடும் ஓடவில்லை. இரண்டும் அதே தெருவில் அதே இடத்தில்தான் இருந்தன. வட்டி மட்டும் ஓடிப்போயிற்று.

அப்பா தினமும் சாயங்காலம் கேட்பார்: "ஏல, பத்திரம் பத்திரமா இருக்கா?" நான் பீரோவைத் தட்டிக் காண்பிப்பேன். பத்திரம் ரொம்பப் பத்திரமாக இருந்தது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பத்திரத்தைப் புரட்டினார். புரோநோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல்கள் கண்ணாடியைக் கழற்றினால் நமக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம்.

"வீட்டு அடமானம் நூறு ரூபாய்க்கு மேல போனாலே பதிவு பண்ணணும்னு 1882-லயே சட்டம் வந்தாச்சு. பத்திரத்தை ஒப்படைச்சு ஈடு வைக்கறதுக்கும் தனியா முறை இருக்கு. நீர் செஞ்சது எதுலயும் சேராது. அவரோட பத்திரத்தை நீர் பூச்சி அரிக்காம பாதுகாக்கீர். நியாயமா அவர்தான் உமக்கு வாடகை தரணும்."

அப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பதிவு செய்த அடமானம் என்றால் வழக்குப் போடப் பன்னிரண்டு வருஷம் அவகாசம். வெறும் புரோநோட்டு என்றால் மூன்றே வருஷம். மூன்று வருஷம் முடிவதற்குள் நூறு ரூபாயாவது வாங்கி, நோட்டின் பின்பக்கம் கடன்காரர் கையாலேயே வரவு வைத்துக் கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். 2008 டிசம்பரில், மார்கழிக் குளிரில், அந்த நூறு ரூபாய்க்காக நான் பாபநாசத்துக்கு நடந்த நடை இருக்கிறதே! மூன்று லட்சம் கொடுத்தவன் நூறு ரூபாயைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெடி, பத்திரம் யார் பெயரில் என்பது. அது கடன்காரரின் அப்பா பெயரில் இருந்தது. அப்பா காலமாகிவிட்டார். உயில் இல்லை. கடன்காரருக்கு இரண்டு தங்கைகள், ஒரு அம்மா. என் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவர் நாலில் ஒரு பங்குக்காரர். "வாரிசுச் சான்றிதழ் கேட்டீரா?" என்றார் வக்கீல். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். பெண்பிள்ளைக்குப் பங்கு கிடையாது என்று இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தில் மகளுக்கும் சம பங்கு 1956 முதலே உண்டு. பரம்பரைச் சொத்திலும் தமிழ்நாடு 1989-ல் கதவைத் திறந்தது, மத்திய சட்டம் 2005-ல் வந்தது, மிச்சமிருந்த சந்தேகத்தை சுப்ரீம் கோர்ட் 2020-ல் தீர்த்துவைத்தது. கையெழுத்துப் போடாத ஒரு தங்கை போதும், உங்கள் ஈட்டை ஈரத்துணியாக்க.

சரி, கேஸ் போடலாம் என்றால் கோர்ட் ஃபீஸ் அப்போது நூற்றுக்கு ஏழரை. ஏழரை! சட்டம் எழுதியவருக்கு ஜோசியமும் தெரிந்திருக்கிறது. (2017-ல் மூன்றாகக் குறைத்தார்கள். எனக்கு அப்போது சனி விலகியாயிற்று.)

வங்கி வேறே ஜாதி, ஸார். 2002-ல் வந்த சட்டப்படி வங்கி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். தனி மனிதனுக்கு அந்த அதிகாரம் இல்லை. முறையாகப் பதிவு செய்த அடமானமே கையில் இருந்தாலும் முதல்நிலைத் தீர்ப்பு, பணம் கட்ட ஆறு மாச அவகாசம், இறுதித் தீர்ப்பு, பிறகு நிறைவேற்று மனு, பிறகு ஏலம், ஏலத்துக்கு ஆட்சேபம்... இதற்குள் நமக்கே வாரிசுச் சான்றிதழ் வாங்கவேண்டி வந்துவிடும்.

பத்து லட்சம் பெறும் என்றார்களே? விசாரித்தேன். குடியிருக்கிற வீடு, பங்குத் தகராறு என்றதும் நாலரைக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. பத்து என்று சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தேன். தரகர். அவருக்குக் கமிஷன் தந்தது யார்? கடன்காரர்.

"ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சத்தம் போடுவே" என்றார் ஆபீஸ் நண்பர் ஒருவர். தனியாகத்தான் போனேன். கடன்காரர் இல்லை. அவர் மனைவி உள்ளே கூப்பிட்டு சுக்கு வெந்நீர் கொடுத்தார். திண்ணையில் ஒரு பொடியன் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான். அந்தத் திண்ணையைத்தான் நான் ஏலம் விடவேண்டும். மத்தியானம் முழுக்க வாயில் வார்த்தை வரவில்லை. வெந்நீர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

2017 அக்டோபர் 23-ம் தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை என்று ஒரு கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் தீயில் கருகினார்கள். நாலு பேருமே பிழைக்கவில்லை. கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்தே இருந்தது. அன்றைக்கு டி.வி.யைப் பார்த்துவிட்டு ஆபீஸ் நண்பரின் யோசனையை நினைத்துக்கொண்டேன். இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகாததில் இன்றைக்கும் ஒரு நிம்மதி.

அப்பா 2011-ல் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுகூடக் கேட்டார், பத்திரம் பத்திரமா இருக்கா என்று. "இருக்குப்பா" என்றேன்.

கடன்காரரின் மூத்த மகன் சவூதிக்குப் போய்ச் சம்பாதித்து, நாலு தவணையில் அசலைத் திருப்பினான். கடைசித் தவணை 2013 தை மாசம். வட்டி கேட்கவில்லை. கேட்டாலும் கிடைத்திருக்காது. எட்டு சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் ஏழு வருஷத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். எனக்கு வந்தது மூன்று லட்சமும் முதல் பதினைந்து மாச வட்டி 67,500-ம். பஸ் சார்ஜ் கணக்கில் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன் சிரித்தான். "மாமா, நீங்க ஏமாந்தது தரகர்கிட்ட. இது கம்பெனி. வெளிநாட்டுல எல்லாம் பெரிய அளவுல நடக்குது."

"நடந்தது" என்றேன். சூடுபட்ட பூனை நான். இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் கத்தரித்து வைத்திருப்பேன். இங்கிலாந்தில் லெண்டி என்று ஒரு கம்பெனி. முதலில் படகுகளின் பேரில் கடன், பிறகு கட்டடங்களின் பேரில். போடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு சதவீதம் வரை. புகழ்பெற்ற கௌஸ் படகுப் போட்டிக்கே ஸ்பான்சர். 2019 மே மாதம் நொடித்தது. நிலுவையில் இருந்த கடன் 16 கோடி பவுண்டுக்கு மேல். அங்கேயும் ஈடு இருந்தது. அங்கேயும் நம் தரகர் பாணியில் 'பத்து லட்சம் பெறும்' என்று யாரோ மதிப்புப் போட்டிருந்தார்கள்.

"சரி, நம்ம ஊர் சட்டத்துக்கு வா. இது ரிசர்வ் பேங்க் பதிவு வாங்கின கம்பெனியா?"

"ஆமா, பி-டு-பின்னு போட்டிருக்கான்."

"2017 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் இதுக்கு விதி போட்டாச்சு. ஒரு ஆளு ஒரு கடன்காரனுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல கொடுக்கக்கூடாது. மூணு வருஷத்துக்கு மேல கெடு கிடையாது. 2024 ஆகஸ்ட்ல இன்னும் இறுக்கிட்டாங்க. உறுதியான வருமானம்னு விளம்பரம் பண்ணக்கூடாது, பணம் போனா முழு நஷ்டமும் கொடுத்தவனுக்கு. பேங்க்ல போட்ட அஞ்சு லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, இதுக்குக் கிடையாது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: இந்தத் தளங்கள்ல ஈடு இல்லாத கடன் மட்டும்தான் நடக்கலாம்."

மருமகன் செல்போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்ப வீட்டை ஈடா வைக்கறாங்கன்னு போட்டிருக்கானே?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு நான் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். அடமானம் யார் பெயரில் பதிவாகிறது, உன் பெயரிலா கம்பெனி பெயரிலா? வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா? பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். ஆனால் வில்லங்கத்தில் புரோநோட்டுக் கடன் தெரியாது, பதிவு செய்யாத உயில் தெரியாது. ஏற்கெனவே வேறு யாருக்காவது அடமானம் இருந்தால் விற்ற பணத்தில் அவர் சாப்பிட்டது போகத்தான் உனக்கு. கடன் வராவிட்டால் கேஸ் போடுவது யார்? கம்பெனியே மூடிவிட்டால் உன் கடன்காரன் வீட்டு விலாசமாவது உனக்குத் தெரியுமா? எனக்குச் சுக்கு வெந்நீராவது கிடைத்தது. உனக்கு?

அவன் தலையைச் சொறிந்தான். "மாமா, ஒரு ஐம்பதாயிரம் ஏற்கெனவே போட்டுட்டேன். சும்மா டெஸ்ட்டுக்கு."

அன்றைக்கே திருப்பிக் கேட்டான். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இதை எழுதுகிற வரைக்கும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் ஐந்தரை லட்சத்தை வங்கியில் இரண்டு டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, என் மேல் கொஞ்சம் கோபத்தோடுதான் ரயில் ஏறினான்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போனேன். படித்துறையில் எள் போட இடமில்லாத கூட்டம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன், பக்கத்தில் ஒரு குரல்.

"அண்ணாச்சி, சௌக்கியமா?"

என் பழைய கடன்காரர்! தலை முழுக்க நரைத்துவிட்டது. பேரன் பேத்தியெல்லாம் விசாரித்தார். அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு இன்னும் கிட்டத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி:

"நம்ம சின்னவன் மாடி எடுக்கான். ஒரு ரெண்டு லட்சம் இருந்தா... பத்திரத்தை உங்ககிட்டயே தந்திருதேன் அண்ணாச்சி. எங்க வீட்டுப் பத்திரம் உங்க பீரோவுக்குப் பழக்கம்தானே?"

மூன்று முழுக்கு ஏற்கெனவே போட்டாயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலாவதாகவும் முங்கினேன். மூச்சு முட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.