மூன்றாம் பிறை

திருநின்றவூரில் குடியேறிய பிறகு எனக்கு வாய்த்த பெரிய சுகம், மின்சார ரயிலில் கிடைத்த இரண்டு சிநேகிதர்கள். ஒருவர், பெரம்பூருக்கு ட்யூஷன் சொல்லப் போகும் ஓய்வு பெற்ற பௌதிக வாத்தியார். மற்றவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர். இருவரும் பேச ஆரம்பித்தால் ஆவடி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

விண்டோஸா, லினக்ஸா என்பது அவர்களுக்குள் வடகலை தென்கலை வழக்கு. ஒன்பது கிரகம் என்றே காலமெல்லாம் பாடம் சொன்ன வாத்தியார், 2006ல் புளூட்டோவைத் தள்ளி வைத்ததை இன்னும் மன்னிக்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021ல் நடப்பதாக எழுதிய கதை. "அந்த வருஷம் போய்விட்டதே, ஜீனோ எங்கே சார்?" என்பார் இளைஞர். "நாய் வராவிட்டால் என்ன தம்பி, பேசுகிற யந்திரம் வந்துவிட்டதே!" என்பார் வாத்தியார். நான் நடுவிலே உட்கார்ந்து ரசிப்பேன்.

ஒரு நாள் வழக்கு என் மேலேயே திரும்பியது.

"சார், உங்கள் நாவலில் நடுநிசியில் மூன்றாம் பிறை நிலவில் கதாநாயகி காத்திருக்கிறாளே, அது எப்படி?" என்று கேட்டு, இளைஞர் தம் செல்போனில் ஸ்டெல்லேரியத்தைத் திறந்தார். காசில்லாமல் கிடைக்கிற வானம் அது. எந்த ஊர், எந்த நேரம் என்று சொன்னால் போதும், நட்சத்திரங்களைக் காட்டிவிடும். மணியைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார். நிலவைக் காணோம்.

வாத்தியார் எனக்காக வரிந்து கட்டினார். "நம் ஊர்ப் பூசலார் கல்லா சுமந்தார்? மனசிலேயே கோயில் கட்டினார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலைத் தள்ளிவைத்துவிட்டு ஈசன் இங்கேதானே வந்தான்? கற்பனை செய்கிறவனிடம் கடிகாரத்தைக் காட்டலாமா?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் மாலையில் இருதயாலீசுவரர் கோயிலைத் தாண்டும்போது ஒன்று உறைத்தது. பூசலார் நல்ல நாள் பார்த்தார். ஆகம முறைப்படி அஸ்திவாரம் போட்டார். கிணறு, மதில், குளம் ஒன்றையும் விடவில்லை. மனசுக்குள்தானே என்று அவர் ஒரு செங்கல்லைக்கூடக் கோணலாக வைக்கவில்லையே!

மறுநாள் இதைச் சொன்னேன். வாத்தியார் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "காவலூர் தொலைநோக்கியும் அப்படித்தான். 2.34 மீட்டர் கண்ணாடி. அதை மனசில் கட்டியவர் வைணு பாப்பு. 1982ல் காலமாகிவிட்டார். 1986ல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அவர் கண்டதும் கனவுதான், ஆனால் கணக்குப் பிசகாத கனவு" என்றார்.

அடுத்த மூன்றாம் பிறைக்கு மொட்டை மாடியில் காத்திருந்தேன். ஒன்பது மணிக்குள் மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? அந்தி சாயும் முன்பே பிறை பார்க்க முற்றத்துக்கு இழுத்துப் போன என் பாட்டி போதுமே!

அந்த நிலவைப் பாராட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் மறுபதிப்பில் நிலவை எடுத்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் இப்போது இருட்டில் நிற்கிறாள்.

இளைஞர் படித்துவிட்டு, "இப்போது சரி சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அந்தக் கடிதக் கட்டை அன்றுதான் அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தேன்.