வாலை நம்பித் தருகிற புலி

2021 ஜூன் மாதம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா என்று செய்தி வந்தது. நீலா என்ற பெண்சிங்கம் இறந்துபோனது. மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போயின என்று படித்தேன். சிங்கத்திடமிருந்து அந்த மாதிரியை எடுத்த கை யாருடையது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருந்தது.

பதில் கிடைத்தது வேறொரு பூங்காவில். காட்டு விலங்குகளின் நோய்களை ஆராயும் கால்நடை மருத்துவர் ஒருவரை நண்பர் அறிமுகப்படுத்தினார். "ஏழு மணிக்குள்ள வந்துடுங்க. வெயில் ஏறினா அவ படுத்துடுவா" என்றார் அந்த மருத்துவர். அவள் என்றது பதினோரு வயதுப் பெண்புலியை.

வாசலில் பர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் செருப்பை நனைத்துவிட்டு உள்ளே போனோம். புலியைக் குறுகலான கம்பிக்கூண்டுக்குள் வரவழைத்திருந்தார் காப்பாளர். அவர் குந்தி உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட, புலி மூக்கால் புர்ர்ரென்று ஊதியது. பிரியத்தின் ஒலி அது. கம்பிக்கு அடியில் வெளியே வந்த வாலை அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். உதவியாளர் இடுக்கியால் முன்பக்கம் கறித்துண்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்பிரிட் தடவி, வாலின் சிரையில் மெல்லிய ஊசியை ஏற்றினார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் இறங்கியது. வால் ஒருமுறை துடித்தது. "அவ்ளோதாண்டி" என்றார் காப்பாளர். வால் அடங்கியது.

"வாலைத் தொடவே எட்டு மாசம் ஆச்சு" என்றார் அவர். அப்பா இதே பூங்காவில் மான்களுக்குத் தழை வெட்டிப் போட்டவர். இவர் வந்து பதினேழு வருஷம். இரண்டு நாளாக இவள் கறியில் பாதியை மிச்சம் வைப்பதை முதலில் கவனித்தவரும் இவர்தான்.

புலி நோயை மறைக்கும் பிராணி. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2000இல் ஒடிசாவின் நந்தன்கானனில் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் பத்துக்கும் மேற்பட்ட புலிகளைக் கொன்றது. கடிக்கிற ஈக்கள் பரப்பும் நோய். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தன. அவற்றில் சிலவற்றிடம் கண்டுபிடித்தது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸை. தெருநாய்க்கும் மாட்டு ஈக்கும் பூங்காவின் சுற்றுச்சுவர் ஒரு தடையே இல்லை.

ஆய்வகத்தில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தார் டாக்டர். வெளிறிய சிவப்பு வட்டங்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. சர்ரா இருந்தால் அவற்றுக்கு நடுவே வளைந்த ஊதா இழைகள் தெரியுமாம். தகட்டை அணு அணுவாக நகர்த்தித் தேடினார்.

காப்பாளர் ஒப்பந்தக்காரர் வழியாக வரும் தினக்கூலி. நடுவில் ஒரு கை கமிஷன் பிடித்துக்கொண்டுதான் கூலி இவர் கைக்கு வருகிறது. இரண்டு வருஷம் முன்பு ஒப்பந்தம் கை மாறியபோது நான்கு மாதம் வேலையில்லை. புது ஆளுக்குப் புலி வாலைத் தரவில்லை. ரத்தம் எடுக்க மயக்க ஊசி போட வேண்டியதாயிற்று. மயக்கத்தில் உடல் சூடு ஏறலாம், வாந்தி மூச்சுக்குழாயில் போகலாம், எழுந்திருக்காமலே போகலாம். எங்கோ ஒரு மேசையில் யாரோ மிச்சம்பிடித்த பணத்துக்காகப் புலி உயிரைப் பணயம் வைத்தது. நுண்ணோக்கிக்குப் பணம் ஒதுக்குகிறோம். அந்தத் தகட்டுக்கு ரத்தம் கொண்டுவருகிற நம்பிக்கைக்கு ஒதுக்குவதில்லை. இந்தக் காப்பாளர்களை நிரந்தரமாக்குவது கருணை அல்ல. விலங்கு மருத்துவத்தின் முதல் செலவு அதுதான்.

மதியம் டாக்டர் வெளியே வந்தபோது, வேலைநேரம் முடிந்தும் போகாமல் புங்க மரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தார் காப்பாளர்.

"அண்ணே, பூச்சி எதுவும் இல்ல. பல்லைத்தான் பாக்கணும். நாளைக்கு வாயைத் திறப்பாளா?"

"எனக்குத் திறப்பா" என்றார். "இன்னிக்கு ராத்திரி எலும்பில்லாத கறியாப் போடச் சொல்லிட்டுப் போறேன்."

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு மறுபடி உள்ளே நடந்தார்.