ராஜாவின் மச்சினனுக்கு அப்பா!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஓர் ஆபீஸ் ஆசாமி எழுந்திருக்கிறான் என்றால், ஒன்று வீட்டில் கல்யாணம். இல்லாவிட்டால் தெருவில் தண்ணி லாரி. மதுரையில் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு... பசுமை நடை!

பாங்க் ஊழியர், காலேஜ் பையன்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த அம்மாக்கள் என்று ஒரு கும்பல் ரோட்டோரம் கூடும். சுற்றுவட்டாரத்தில் ஏதாவதொரு மலைக்குப் போகும். மேலே தொல்லியல் அறிஞர் யாராவது பாடம் எடுப்பார். வேதாசலம், சாந்தலிங்கம் என்று ஆயுசில் பாதியைக் கல்வெட்டுகளோடு கழித்தவர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். ஆராய்ச்சிப் புத்தகத்தில் அடிக்குறிப்பாகக் கிடக்கிற சங்கதி, அங்கே பக்கத்து வீட்டுக் கதை மாதிரி வரும். இறங்கி வந்தால் இட்லி!

யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கலாம் என்று 2010-ல் ஒரு யோசனை கிளம்பியது. ஒத்தக்கடை, நரசிங்கம் ஜனங்கள் கொதித்தெழ, யோசனை கைவிடப்பட்டது. அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் ஆட்களைத் திரட்டி நடக்க ஆரம்பித்தார்.

நான் சேர்ந்துகொண்டது மாங்குளம் பயணத்தில். மேலூர் பக்கம், மீனாட்சிபுரத்துக்கு மேலே மலை. என் தொப்பை முன்னால் ஏற, நான் பின்னால் ஏறினேன். பின்னால் வந்த பையன், "அண்ணே, மெதுவா... கல்வெட்டு எங்கேயும் ஓடிறாது" என்றான்.

உச்சியில் குகை. தரையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள். தலைமாட்டில் லேசாக உயர்த்தித் தலையணைகூட வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். (எங்கள் ஹவுஸ் ஓனர் அவசியம் பார்க்க வேண்டும்.) அதை ஒட்டி, கோடு கோடாய்த் தமிழி எழுத்துகள். வயசு சுமார் 2,200.

"சார், இது தமிழா?"

நல்ல கேள்விதான். 1882-லேயே ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்காரர் பார்த்துவிட்டார். ஆனால், இந்த மாதிரிக் குகை எழுத்துகளின் மொழி தமிழ்தான் என்று 1924-ல் எடுத்துச் சொன்னவர் கே.வி.சுப்பிரமணிய ஐயர். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இங்கே இருப்பதை 1960-களில் வாசித்துக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன்.

ராஜாவின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற முனிவருக்காக இடம் அமைத்துக் கொடுத்தாராம். வெள்ளறை வணிகர் சங்கத்தாரும் தர்மம் செய்திருக்கிறார்கள். இன்னொருவர் சடிகன். அவர் யார்? ராஜாவின் மச்சினன் இளஞ்சடிகனுக்கு அப்பா! மச்சினனா, சகலையா என்பதில் படிப்பவருக்குப் படிப்பவர் மாறும். எப்படியும் கல்யாண வழி சொந்தம்தான். உறவு சொல்லிப் பெருமைப்படுவது நேற்று வந்த வழக்கமில்லை ஸ்வாமி!

இந்த மீனாட்சிபுரத்தையும் பக்கத்து அரிட்டாபட்டியையும் சேர்த்து 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. சரியாக இரண்டே வருஷம். 2024 நவம்பரில் மத்திய அரசு விட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில், சுமார் 5,000 ஏக்கரோடு இந்த ஊர்களும் அகப்பட்டன.

"இங்கே வெறும் பாறைதானே?" என்று அங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை. கண்மாயையும் வயலையும் சொன்ன அதே வாயால் சமணர் படுக்கையையும் தமிழி எழுத்தையும் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். 2025 ஜனவரி 7-ம் தேதி ஆயிரக்கணக்கில் மதுரைக்கே திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்து.

போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. பெயிண்ட் டப்பா மட்டும் வேண்டாம். தன் பெயரும் காதலி பெயரும் எழுதிவைக்கத் துடிக்கும் கடலன் வழுதிகள் எல்லா மலைக்கும் வருகிறார்கள்.