பாணில் பூசுவதும் சட்டியில் விடுவதும்

ஸ்காபரோவில் எங்கள் வயதுத் தமிழர்களின் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு தாள் அநேகமாக இருக்கும். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த குடும்ப வைத்தியர், "சீனி எல்லையில நிக்குது, நிறையைக் குறையுங்கோ" என்று உணவு ஆலோசகரிடம் அனுப்ப, அவர் கொடுத்த தாள். தெற்காசியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பார்கள். வெள்ளைக்காரருக்கு அது 25. உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது என்று 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அதனால் தாளைக் கிழித்துப் போடவும் முடியாது. என் தாளின் முதல் வரி: பட்டருக்குப் பதிலாகக் கொழுப்புக் குறைந்த மாஜரின்.

நல்லது என்று கடைக்குப் போனால், ஒரு சுவர் நீளத்துக்கு டப்பாக்கள். சூரியகாந்திப் படம் போட்டது, ஒலிவ் எண்ணெய் கலந்தது, பால் கலக்காதது, பட்டரோடு கனோலா எண்ணெய் அடித்துக் குளிரிலும் பூசக்கூடியதாக்கியது. எல்லாவற்றிலும் ஆங்கிலமும் பிரெஞ்சும். படங்களை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். 10 கிராம் பட்டரில் 70 கலோரி, 8 கிராம் கொழுப்பு. பக்கத்திலிருக்கும் சாதாரண மாஜரினை எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே 70, அதே 8. வித்தியாசம் அடுத்த வரியில்தான்: நிறைவுற்ற கொழுப்பு பட்டரில் 5 கிராம், மாஜரினில் 1. இருதயத்துக்கு அது பெரிய விஷயம். இடுப்புச் சுற்றளவுக்கு ஒன்றுமில்லை. பட்டரை விட்டு மாஜரினுக்கு மாறியும் நிறை குறையவில்லை என்று கோயிலில் குறைப்படும் அண்ணைமாருக்கு இந்த ஒரு கட்டத்தைக் காட்டினால் போதும்.

'லைட்' என்று போட்டதில்தான் 35 கலோரி. கொழுப்பும் பாதி. மற்றப் பாதி எங்கே போனது என்றால், அந்த இடத்தில் தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்க லெசித்தின் போன்ற ஒன்றைச் சேர்த்து அடித்து வைத்திருக்கிறார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, லேபிளிலேயே இருக்கிறது. ஆனால் அடுப்பு லேபிள் வாசிப்பதில்லை. முட்டை பொரிக்க என் மனைவி ஒரு கரண்டி லைட்டைச் சட்டியில் விட்டாள். உருகுவதற்கு முன்பே சடசடவென்று வெடித்து மேசை வரை தெறித்தது. வெள்ளை நுரை கிளம்பி அடங்கியபோது சட்டியின் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் மிச்சம், முட்டை பிடித்துக்கொண்டது.

"இஞ்சாருங்கோ, தண்ணியை எல்லோ டப்பாவில அடைச்சு விக்கிறாங்கள்!"

சுட்ட பாணில் பூசினாலும் அதே கதைதான். மொறுமொறுப்பு நொடியில் போய், நடுப்பகுதி ஈரமாகிச் சோர்ந்துவிடும். சான்விச்சுக்குள் உள்ளிப் பூடும் மல்லித்தழையும் குழைத்துப் பூசினால் சமாளிக்கலாம். கேக் அடிக்க உதவாது. என்னைக் கேட்டால் லைட் இரண்டு கரண்டி பூசுவதை விட, உண்மையான பட்டர் ஒரு கரண்டி பூசலாம். கலோரிக் கணக்கு ஒன்றுதான், வாய்க்கும் ருசி தெரியும். நிறைவுற்ற கொழுப்பு மட்டும் கூடும் என்பதை மறைக்க மாட்டேன். கொலஸ்ட்ரோல் குளிசை போடுபவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கனடாவில் பட்டர் லேசான விஷயமில்லை. 1886இல் மாஜரின் செய்வதையும் விற்பதையும் இங்கே தடை செய்தார்கள். பால் பண்ணைக்காரரின் பலம் அப்படி. முதலாம் உலகப் போரில் பட்டருக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1917இல் தளர்த்தி, 1923இல் மறுபடி இழுத்து மூடினார்கள். மத்திய அரசுக்கு அப்படித் தடுக்க அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948 டிசம்பரில். அடுத்த ஆண்டு கனடாவோடு சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்து, தன் மாஜரினைக் காப்பாற்ற இணைப்பு ஒப்பந்தத்திலேயே தனி விதி எழுதுவித்துக்கொண்டது. பிறகு மாகாணங்கள் நிறத்தில் பிடித்தன. ஒன்ராறியோவில் 1995 வரை, கியூபெக்கில் 2008 வரை, மாஜரின் பட்டரின் மஞ்சளில் இருக்கக் கூடாது. மொன்றியலில் மச்சான் வீட்டுக் காலைச் சாப்பாட்டு மேசையில் வெளிறிய ஒரு டப்பாவைக் கண்டு, பழுதாகிவிட்டது என்று நான் தள்ளி வைத்தது ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் நாங்கள் பட்டர் என்று தின்று வளர்ந்ததே அஸ்ட்ரா மாஜரினைத்தான். பேக்கரியிலிருந்து சூட்டோடு வந்த றோஸ் பாணைப் பிய்த்து, அஸ்ட்ராவைத் தடவி, மேலே சீனியைத் தூவினால் அது உருகி விரல் வழியே ஓடும். நிசமான பட்டர் கொழும்பில் வெள்ளவத்தை மாமா வீட்டுக்குப் போனால் காணலாம். இந்த நாட்டுக்கு வந்து உழைக்கத் தொடங்கிய பிறகுதான் பட்டர் எங்கள் மேசைக்கு வந்தது. இப்போது அதை விட்டுவிட்டு மாஜரினுக்குப் போ என்கிறது தாள்.

தாளை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. காலையில் டோஸ்ட், மத்தியானம் சான்விச், இரவு பட்டரில் வதக்கிய மரக்கறி என்று சாப்பிடும் வீட்டை நினைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் முதல் வரியே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்த சந்திப்பில் ஆலோசகர், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி பட்டர் என்று கேட்டார். சனி ஞாயிறு காலையில் மட்டும் என்றேன். அப்படியென்றால் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்றார். சொதி, குழம்பு, தோசைக்கு நல்லெண்ணெய், விசேஷ வீட்டு மட்டன் றோல்ஸ் என்று சொல்லிக்கொண்டு போனேன். தேங்காய்ப்பால் எவ்வளவு? "ஒரு சொதிக்கு ஒரு தகரம்." தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. 400 மில்லித் தகரம் ஒன்றில் 700 கலோரி அளவில் இருக்கும். பாணில் லைட் பூசி நான் மிச்சம் பிடித்தது 35.

அவர் சொன்ன வழி, லைட் தேங்காய்ப்பால். வாங்கிப் பார்த்தேன். அதுவும் பாதிக்கு மேல் தண்ணீர் விட்ட பால்தான், விலை மட்டும் குறையவில்லை. அம்மா ஒரே தேங்காயை மூன்று முறை பிழிவார். கப்பிப்பாலில் மரக்கறியை அவிய விட்டு, முதற்பாலை இறக்கும் நேரத்தில் கொஞ்சம் விட்டு ஒரு கொதியில் இறக்குவார். கட்டிப்பால் விட்டுத் தளதளவென்று கொதிக்க வைப்பது தகரத்தோடு வந்த பழக்கம். திறந்த தகரத்தை முழுக்கக் கவிழ்க்கத்தான் கை போகிறது. இப்போது அரைத் தகரத்துக்கு இரண்டு கோப்பை தண்ணீர் விட்டு அவித்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பால் விடுகிறோம். மிச்சத்தை ஐஸ் தட்டில் உறைய வைத்துவிடுவோம். தேசிக்காய் கொஞ்சம் கூடப் பிழிந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

லைட் டப்பா ஃப்ரிட்ஜின் பின்தட்டில் பாதியோடு நிற்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "புட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைக்கச் சொல்லி அந்தப் பிள்ளை சொல்லேல்லைத்தானே?"

சொன்னது. வீட்டில் இன்னும் நான் சொல்லவில்லை.