கீழ்த்தளத்து மேசைகள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு கல்மேசைகள் இருக்கின்றன. சாயங்காலமானால் ஒன்றில் சீனத் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவார்கள். தள்ளி இன்னொன்றில் மலாய்ப் பாட்டிமார். தூண் ஓரத்து மேசை எங்களுடையது. இன்னாருக்கு இன்ன மேசை என்று யாரும் எழுதி ஒட்டவில்லை.

மின்தூக்கியில் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்வோம். தீபாவளிக்கு முறுக்கு போகும், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் வரும். ஆனாலும் உட்கார்ந்து பேச அவரவர் மேசைதான்.

இதை இயற்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1822இல் ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டமே சீனர்களுக்கு ஆற்றின் தென்கரை, மலாய்க்காரர்களுக்கும் அரபுகளுக்கும் கம்போங் கிளாம், நம்மவர்களுக்குச் சூலியா கம்போங் என்று கோடு கிழித்தது. 1964 இனக் கலவரங்களில் 36 பேர் இறந்தார்கள். 1989இல் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன விகிதாசாரம் கொண்டுவந்தது. இப்போது ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியாது. மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் 15. விகிதாசாரம் நிரம்பிய புளோக்கில், சிறுபான்மையினர் வீட்டை விற்க ஆள் கிடைக்காமல் அலைவதும் உண்டு. அந்த வலி தெரிந்தும் நான் இந்த விதிமுறையின் பக்கம்தான். காரணம் என் எதிர்வீடு.

அம்மா இறந்த அன்று நம் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "ராசாத்தி மாதிரி இருந்தியே" என்று ஒருத்தி அரற்றியபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. வேறு எந்த மொழியிலும் அது வந்திருக்காது. நாள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் தூண் ஓரத்து மேசையைத் தேடிப் போவதும் இதற்காகத்தான். அங்கே ஒரு சொல்லுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதை வெறுப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டியும் அன்று வந்தார். துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையை என் கையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். எனக்கு ஹொக்கியன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவும் அவரும் இருபது வருஷமாகப் பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில்தான் பேசிக்கொண்டார்கள், "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்காமல் இருவரும் கதவைச் சாத்தியதில்லை. அந்தப் பேச்சு அவர்கள் தலைமுறையோடு தேய்ந்துகொண்டிருக்கிறது. என் மகனுக்கு அதில் பத்துச் சொல்கூடத் தெரியாது. பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளோடும் ஆங்கிலத்தில் படிக்கிறான். தாய்மொழிப் பாடம் வந்தால் வகுப்பே மூன்றாகப் பிரிந்து போகிறது.

உறவுகள் எல்லாம் போன பிறகும் ஆன்ட்டி போகவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் அவர் கணவர் தவறினார். கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி, எரிப்பதற்கான தங்கத்தாள் கட்டு ஒன்றை என் மடியில் வைத்தார். மடிக்கத் தெரியாமல் நான் விழிக்க, என் விரல்களைப் பிடித்து ஓரத்தை மடக்கிக் காட்டினார். விடியும்வரை மடித்துக்கொண்டிருந்தோம்.