தலையணைக்கு அடியில் பிரெட்டு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. காரணம் சொன்னா மன்னிச்சுருவீங்க. இப்ப இதைத் தட்டிக்கிட்டு இருக்கறது நியூ ஜெர்சியில் இல்லை, தில்லியில். ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட்டு, சமையக்கட்டு மேடை, ராத்திரி 2 மணி. உள்ளே எங்க பொண்ணு தூங்கறா. வயசு 7.

ஆமாங்க, பொண்ணுதான். தத்து எடுத்திருக்கோம். ராஞ்சியில் ஒரு இல்லத்தில் வளர்ந்தவள். பேரும் படமும் போடமாட்டேன். அது அவளோட கதை, பெரியவளானதும் இஷ்டமிருந்தா அவளே சொல்லட்டும். இங்கே அவள் 'குட்டி'.

"கைக்குழந்தையா எடுத்திருந்தா சட்டுனு ஒட்டிக்குமே?"ன்னு ரெண்டு பக்கத்துச் சொந்தமும் கேட்டாச்சு. எனக்கும் ரங்கமணிக்கும் வயசைக் கூட்டினா 93. தம்பதிக்கு 2 வயசுக்குள்ள குழந்தை வேணும்னா இந்தக் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக்கூடாது. 4 முதல் 8 வயசுக் குழந்தைன்னா 100 வரை போகலாம். அதுவும் போக, கைக்குழந்தைக்குத்தான் வரிசை நீளம். ஓடி விளையாடற வயசுப் பிள்ளைகள் அப்படியே காத்துக்கிட்டு இருக்குங்க.

பேப்பர் வேலையைச் சொன்னா தனிப் புராணம். இந்தியா 2003லேயே ஹேக் ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்ட நாடு. அதனால ரெண்டு அரசாங்கமும் சரின்னு சொல்லணும். காராங்கற மத்திய அமைப்போட தடையின்மைச் சான்று, அப்புறம் தத்து உத்தரவு. முன்னே இதுக்கு கோர்ட்டுக்குப் போகணும், 2022 செப்டம்பரில் இருந்து மாவட்ட மாஜிஸ்திரேட்டே, அதாவது நம்மூர் கலெக்டர் மாதிரி, கொடுக்கறார். அதெல்லாம் முடிஞ்சு, குட்டிக்கு பாஸ்போர்ட்டும் வந்தப்புறம்தான் ராஞ்சிக்குப் போனோம். ஃபைலை ரெண்டு வருஷமா ஒழுங்கா அடுக்கினவளுக்கு, அதுக்கு அப்புறம் என்னன்னு ஒண்ணும் தெரியலை.

வீடியோ காலில் சிரிச்ச பிள்ளை, நேரில் என்னைப் பார்க்கவே இல்லை. ரங்கமணி கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் கிட்டே போனா அவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. தலை பின்னப் போனேன், தட்டிவிட்டா. 'ஆண்ட்டி'ன்னுகூடக் கூப்பிடலை. என் இந்தியும் லேசுப்பட்டது இல்லை, பிரச்சார சபாவில் மத்யமா வரைக்கும் பாஸ் :-) ஆனா அந்தப் புத்தகத்தில் இதுக்கெல்லாம் பாடம் இல்லையே.

தில்லிக்கு ராஜ்தானியில் வந்தோம். ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் வந்த பிரெட், வெண்ணெய், சாஸ் பாக்கெட், சர்க்கரைப் பொட்டலம் எல்லாத்தையும் குட்டி சத்தமில்லாம ஃபிராக் பாக்கெட்டில் போட்டுக்கிட்டா. இங்கே வந்த மறுநாள் படுக்கையை உதறினா, தலையணைக்கு அடியில் காய்ஞ்ச பிரெட்டு, எறும்பு. எடுத்துக் குப்பையில் போட்டேன். "இங்கே சாப்பாடு நிறைய இருக்கு"ன்னு இந்தியில் சொன்னேன். அவள் குப்பைக் கூடையையே பார்த்துக்கிட்டு நின்னா.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சது அழுகை. "தீதி, தீதி"ன்னு ஒரே வார்த்தை. இல்லத்தில் 12 வயசு அக்கா ஒருத்தி இருக்கா. குளிப்பாட்டி, தலைவாரி, பக்கத்தில் படுக்கவச்சுக்கிட்டு எல்லாம் அவள்தானாம். நான் செஞ்சது என்ன தெரியுமா? "அழக்கூடாது, இப்பதான் உனக்கு மம்மி இருக்கேனே"ன்னேன். அழுகை டக்குனு நின்னுச்சு. அது சமாதானம் இல்லைன்னு அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். தப்புப் பண்ணிட்டோமான்னு ரங்கமணிகிட்டே கேட்டேன். அதையும் மறைக்கப் போறதில்லை.

காலையில் இல்லத்து மேடத்துக்கு போன் போட்டேன். பொறுமையா கேட்டுட்டு அவங்க சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வந்திருக்கு. அவளுக்கு வீடே போயிருக்கு. அழ விடுங்க. பக்கத்தில் மட்டும் இருங்க."

எத்தனை வருஷக் கனவு, எத்தனை கையெழுத்து, எத்தனை சாமிக்கு நேர்ச்சை! எனக்குக் கிடைச்ச நாள் அவளுக்குப் பறிபோன நாள்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க. நானும் 22 வயசில் அம்பாசமுத்திரத்தை விட்டுக் கிளம்பினவதான். கையில் வேலை இருந்தது, திரும்பி வர டிக்கெட்டும் இருந்தது. அப்பவும் ஆறு மாசம் தலையணை நனைஞ்சுது. இவளை யாரும் திரும்பக் கூட்டிட்டுப் போகப் போறதில்லை.

அன்னிக்கு ரெண்டு காரியம் செஞ்சேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, பிஸ்கட்டும் பொரிகடலையும் போட்டு அவள் தலைமாட்டில் வச்சேன். "இது உன்னோடது. யாரும் தொடமாட்டோம். தீர்ந்தா ரொப்பிருவேன்." அப்புறம், "உங்க தீதி எப்படித் தலை பின்னுவா?"ன்னு கேட்டேன். முதல்முறையா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், இறுக்கமா. கையாலே காட்டினா. காட்டிக்கிட்டே அழுதா. நானும் ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருந்தேன். பின்ன விடலை. சீப்பை மட்டும் என் கையில் கொடுத்துட்டுப் போயிட்டா.

அடுத்த நாள் குக்கரில் வைக்காம, பாத்திரத்தில் சோறு வடிச்சேன். குட்டி ஓடிவந்து "மாட்!"னு கத்தினா. ஜார்க்கண்டில் கஞ்சித்தண்ணிக்கு மாட்னு பேர். சோத்தில் ஊத்தியும் சாப்பிடுவாங்களாம். எங்க ஆச்சி உப்புப் போட்டு டம்ளரில் கொடுக்கும் அதே கஞ்சித்தண்ணி! ரெண்டு டம்ளர் குடிச்சா. "எங்க ஊரில் கஞ்சி"ன்னேன். "கன்ஜி"ன்னு சொல்லிப் பார்த்துட்டுச் சிரிச்சா. அதுக்காக உடனே மடியில் வந்து உட்கார்ந்துட்டான்னு நினைச்சுக்காதீங்க. சாயந்திரம் பழையபடி ரங்கமணி முதுகுதான். ஞாயித்துக்கிழமை தீதிகிட்டே பேசினா, இல்லத்தில் அனுமதி வாங்கித்தான். போனை வச்சதும் ஒரு மணி நேரம் அழுகை. இந்தத் தடவை நான் தடுக்கலை. இந்தப் பேச்சு நியூ ஜெர்சியில் இருந்தும் தொடரணும்னு கேட்டிருக்கோம்.

"தமிழ்ப் பேரு வைக்கலையா?"ன்னு அம்மா கேட்டாங்க. இல்லைம்மா. அங்கேர்ந்து அவள் எடுத்துட்டு வந்ததில் முக்கியமானதே அந்தப் பேருதான். அதையும் பிடுங்கணுமா?

மருத்துவப் பரிசோதனை முடிஞ்சது. ரத்தம் எடுக்கும்போது ஒரு கையில் ரங்கமணி விரல், இன்னொரு கையில் என் புடவைத் தலைப்பு. நாளைக்கு விசாவுக்காக அமெரிக்கத் தூதரகம் போகணும். ஊருக்குப் போனப்புறமும் முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டாம் வருஷம் ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு எங்களைப் பத்தி அறிக்கை போகும். 'ஒட்டிக்கிட்டாளா'ங்கற கேள்விக்கு என்ன பதில் சொல்லுவேனோ!

இப்பத்தான் நாளைக்கு வேணும்னு பாஸ்போர்ட்டை ஹேண்ட்பேக்கில் வைக்கப் போனேன். உள்ளே பிஸ்கட் டப்பா இருந்தது. தலைமாட்டில் இருந்ததை எடுத்து, தூங்கப் போறதுக்கு முன்னாடி என் பையில் வச்சிருக்கா. மேலே டிஷ்யூ பேப்பர் போட்டு மூடி.

தொடலை. பாஸ்போர்ட்டை சைடு ஜிப்பில் வச்சுட்டேன்.